எண்ணுபவருக்கா, வாசிப்பவருக்கா?

1958ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐ.பி.எம். கம்பனியின் ஆய்வுச் சஞ்சிகையில் ஹான்ஸ் பீற்றர் லூன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். லூன் ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கணனித் துறைக்கு வருமுன் துணி உற்பத்தித் தொழிலோடு தொடர்புடையவராக இருந்தவர். ஒரு துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று பார்ப்பதற்கான கருவி ஒன்றையும் உருவாக்கியிருந்தார். இழைகளை எண்ணியவர் 1950களின் பிற்பகுதியில் சொற்களை எண்ணத் தொடங்கினார்.

ஒரு நீண்ட விஞ்ஞானக் கட்டுரையின் சாரத்தை, அதை எவரும் வாசிக்காமலே, கணனியைக் கொண்டு எடுப்பது எப்படி என்பதுதான் லூன் எழுதியதன் பொருள். அவர் சொன்ன வழி மிக எளிமையானது. கட்டுரையிலுள்ள சொற்களை எண்ணுங்கள். எல்லாக் கட்டுரையிலும் வரும் சாதாரணச் சொற்களை விலக்குங்கள். மிக அரிதாக வருபவற்றையும் விட்டுவிடுங்கள். எஞ்சி நிற்பவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்களே கட்டுரையின் பொருளைத் தாங்குபவை. அச்சொற்கள் நெருங்கி நிற்கும் வாக்கியங்களே அதன் சாரம்.

இயந்திரத்துக்கு அச்சொற்களில் ஒன்றினதும் பொருள் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. ஒருவர் ஒரு விடயத்தைப் பற்றி மனமூன்றி எழுதும்போது அவ்விடயத்துக்குரிய சொற்கள் அவரையறியாமலே மீண்டும் மீண்டும் வந்து விழுகின்றன. இரத்தத்தைப் பற்றி எழுதுபவர் இரத்தம் என்ற சொல்லைத் தவிர்க்க முடியாது. லூன் நம்பியது இதைத்தான். அந்த நம்பிக்கை பிழையானதல்ல. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தன் சொற்கள் எண்ணப்படுகின்றன என்பது எழுதுபவருக்குத் தெரியாதவரை, அல்லது தெரிந்தும் அதனால் அவருக்கு ஆதாயம் ஏதும் இல்லாதவரை மட்டுமே அது செல்லுபடியாகும்.

தேடுபொறிக்காக எழுதுதல் என்ற நடைமுறையின் வரலாறு, இந்த நிபந்தனை உடைந்ததன் வரலாறுதான். யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்வி புலம்பெயர்ந்த எமது சஞ்சிகைகளுக்குப் புதியதல்ல. ஊரில் இருப்பவருக்கா, இங்கே வளரும் பிள்ளைகளுக்கா, எம்மைப்போல் எழுதும் இன்னும் நாற்பது பேருக்கா என்று எத்தனையோ இரவுகள் விவாதித்தவர்கள் நாம். ஆனால் அந்த விவாதங்களில் வாசகர் ஒரு மனிதர் என்பதில் மட்டும் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. இன்று அதையும் கேட்கவேண்டியிருக்கிறது.

*

தேடித்தரும் கருவிகள் கணனியோடு பிறந்தவை அல்ல. பழைய தமிழ் நிகண்டுகள் செய்யுளில் அமைந்திருந்தன. மனனம் செய்வதற்காக இயற்றப்பட்டவை அவை. ஒரு சொல்லை அவற்றில் தேடவேண்டுமானால் முதலில் நிகண்டு மனதில் இருக்கவேண்டும். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அகரவரிசையில் தொகுத்தார். அதன்பின் எழுத்தறிந்த எவரும் எதையும் மனனம் செய்யாமலே ஒரு சொல்லைத் தேடி எடுக்க முடிந்தது. 1902இல் யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் வெளிவந்தது. உ.வே. சாமிநாதையர் தமது பதிப்புகளில் நூலுக்குப் பின்னால் அகராதிகளைச் சேர்த்தார்.

இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். நூல் முன்னால் வந்தது, தேடும் கருவி பின்னால் வந்தது. சீவகசிந்தாமணியின் ஆசிரியர் அகராதி தொகுப்பவரின் வசதிக்காக ஒரு சொல்லைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. பாட்டு இருந்தபடி இருக்க, அதற்கேற்பத் தன்னை வளைத்துக்கொள்வது அகராதிக்காரரின் பாடாக இருந்தது.

லூனுக்குப் பின்வந்த ஆய்வாளர்கள் காலத்திலும் இந்த ஒழுங்கு குலையவில்லை. நூரெம்பேர்க்கில் பிறந்து, 1947இல் அமெரிக்கா வந்து சேர்ந்த ஜெராட் சோல்ற்றன் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஆவணத் தேடலை ஒரு தனித் துறையாக வளர்த்தார். 1972இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கரென் ஸ்பார்க் ஜோன்ஸ் முக்கியமான ஒரு திருத்தத்தை முன்வைத்தார். ஒரு சொல் ஓர் ஆவணத்தில் எத்தனை தடவை வருகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது. முழுத் தொகுப்பிலும் எத்தனை ஆவணங்களில் அது வருகிறது என்றும் பார்க்கவேண்டும். எங்கும் காணப்படும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, சில இடங்களில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். இன்றுவரை தேடுதல் தொழில்நுட்பத்தின் அடிப்படைகளில் ஒன்றாக இது இருந்துவருகிறது.

இவர்கள் தமது முறைகளைப் பரிசோதித்தது விஞ்ஞானக் கட்டுரைகளின் சுருக்கங்கள் போன்ற தொகுப்புகளில். அவற்றை எழுதியவர்கள் தமது சகபாடிகளுக்காக எழுதியவர்கள். ஒரு சொல்லை நாற்பது தடவை திணிப்பதால் அவர்களுக்குக் கிடைக்கப்போவது எதுவுமில்லை. எனவே எண்ணிக்கை உண்மையைச் சொன்னது.

*

1990இல் மொன்றியலில், மக்கில் பல்கலைக்கழகத்தில், பார்படோஸ் தீவிலிருந்து வந்த அலன் எம்ரேஜ் என்ற மாணவர் 'ஆர்ச்சி' என்ற நிரலை எழுதினார். இணையத்தின் முதலாவது தேடுபொறியாக அதைக் கருதுகிறார்கள். ஆனால் ஆர்ச்சிக்குக் கோப்புகளின் பெயர்கள் மட்டுமே தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று அது பார்க்கவில்லை. 1994இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறையன் பிங்கேற்றன் உருவாக்கிய வெப்குரோலர் பக்கங்களின் முழுச் சொற்களையும் தேடியது. 1995 டிசம்பரில் டிஜிற்றல் கம்பனியின் அல்ராவிஸ்ரா வந்தது. பல மில்லியன் பக்கங்களிலிருந்து ஒரு சொல்லைக் கணநேரத்தில் எடுத்துத் தந்த அதன் வேகம் அன்று அதிசயமாகவே இருந்தது.

லூனின் எண்ணும் முறை நூலகத்தை விட்டுச் சந்தைக்கு வந்தது இப்போதுதான். சந்தையில் எழுதுபவருக்கு எண்ணுபவரின் இருப்பு தெரியும். முதல் இடத்தில் வரும் கடைக்கு வாடிக்கையாளர் வருவார், முப்பதாவது இடத்தில் வரும் கடைக்கு வரமாட்டார் என்பதும் தெரியும்.

விளைவு உடனே தெரிந்தது. வெள்ளைத் தாள்போன்ற பின்னணியில் வெள்ளை நிறத்திலேயே சொற்களை எழுதினார்கள். மனிதக் கண்ணுக்கு அது வெறும் இடைவெளி, இயந்திரத்துக்கோ நூறு தடவை வந்த சொல். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால், வாசகர் காணாத இடத்தில், இப்பக்கம் எதைப் பற்றியது என்று குறித்துவைக்க ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. நூலகர் எழுதிவைக்கும் அட்டையைப் போன்றது அது. அதில் பக்கத்துக்குச் சம்பந்தமில்லாத பிரபலமான பெயர்களையெல்லாம் நிரப்பினார்கள். இந்தப் பகுதியைத் தாம் வரிசைப்படுத்தலில் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகிள் 2009இல் அறிவிக்கவேண்டி வந்தது. நேர்மையான ஒரு நூலகக் கருவி பொய்யர்களின் கையில் பட்டுப் பயனற்றுப்போனதற்கு இது நல்ல உதாரணம்.

இவ்விடத்தில் தந்தியை நினைத்துப்பார்க்கலாம். தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு கொடுக்கவேண்டும். ஆகவே மனிதர்கள் சொல்லைச் சுருக்கினார்கள். இங்கே நிலைமை தலைகீழ். திரும்பச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் காசு தரும் என்ற நம்பிக்கையில் சொல்லைப் பெருக்கினார்கள். இரண்டிலும் மொழியை வளைத்தது கட்டணம்தான். ஆனால் தந்தி எழுதியவர் மறுமுனையில் ஒரு தாயோ தமையனோ அதைப் பிரித்துப் படிப்பார் என்பதை மறக்கவில்லை.

*

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்களான லறி பேஜும் சேர்ஜி பிறினும் 1998இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அந்தக் காலத்துத் தேடுபொறிகளின் நிலையைப் பற்றி ஒரு வேடிக்கையான தகவல் இருக்கிறது. 1997 நவம்பரில், முன்னணியில் இருந்த நான்கு வர்த்தகத் தேடுபொறிகளில் ஒன்றே ஒன்றுதான் அதன் பெயரை அதிலேயே தேடியபோது முதல் பத்து முடிவுகளுக்குள் தன்னைக் கண்டுபிடித்ததாம்.

அவர்கள் முன்வைத்த மாற்று, சொற்களோடு இணைப்புகளையும் எண்ணுவது. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகின்ற பக்கங்கள் எத்தகையவை என்று பார்ப்பது. இதற்கு முன்னோடி ஆய்வுலகில் இருந்தது. யூஜின் கார்ஃபீல்ட் 1950களிலிருந்தே விஞ்ஞானக் கட்டுரைகளை மேற்கோள்களின் வழியே அட்டவணைப்படுத்த வேண்டும் என்று வாதாடி, 1960களில் அதைச் செய்தும் காட்டியிருந்தார். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை விட மற்றவர்கள் அவரைப் பற்றிச் சொல்வது நம்பத்தக்கது என்ற ஊர் ஞாயம்தான் இதன் அடிப்படை.

மறுபடியும் லூனின் நிபந்தனை குறுக்கே வந்தது. இணைப்பு எண்ணப்படுகிறது என்று தெரிந்ததும் இணைப்புச் சந்தை உருவானது. ஒன்றையொன்று சுட்டுவதற்காகவே ஆயிரக்கணக்கான பக்கங்கள் முளைத்தன. 2003இல் பலர் கூடி, படுதோல்வி என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரைக் கொண்டு அன்றைய ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புக்கு இணைப்புக் கொடுத்தார்கள். அத்தொடரைத் தேடியவர்களுக்கு ஜனாதிபதியே முதலில் வந்தார். 2006 பெப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. கம்பனியின் ஜேர்மன் தளத்தைக் கூகிள் தனது பட்டியலிலிருந்தே சில நாட்களுக்கு நீக்கியது. இயந்திரம் வந்தால் பழைய கார் என்பதற்கான ஜேர்மன் சொல் நிறைந்த ஒரு பக்கம், மனிதர் வந்தால் படங்களோடு கூடிய வேறொரு பக்கம் என்று அங்கே ஏற்பாடு செய்திருந்தார்கள். உலகறிந்த ஒரு கம்பனி, எந்த மனிதரும் வாசிக்கக்கூடாத ஒரு பக்கத்தை எழுதுவதற்கு ஆள் வைத்திருந்தது என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது.

விளம்பரப் பணத்தில் வாழும் தேடுபொறி விளம்பரதாரரின் பக்கமே சாயும் என்றும் பேஜும் பிறினும் அதே 1998 கட்டுரையின் பின்னிணைப்பில் எச்சரித்திருந்தார்கள். 2000இல் அவர்களது கம்பனி சொற்களுக்கு அருகே விளம்பரம் விற்கத் தொடங்கியது. 2003இல் மற்றவர்களின் பக்கங்களிலும் விளம்பரம் போட்டு வருமானத்தைப் பங்கிடும் திட்டம் வந்தது. அன்றிலிருந்து விற்பதற்கு ஒரு பொருளும் இல்லாதவரும் இயந்திரத்துக்காக எழுதிப் பிழைக்கலாம் என்றாயிற்று.

இதன் உச்சம் 2006இல் தொடங்கப்பட்ட டிமாண்ட் மீடியா என்ற அமெரிக்கக் கம்பனி. மக்கள் எதைத் தேடுகிறார்கள், அச்சொல்லுக்கு விளம்பரதாரர் எவ்வளவு தருவார், அதைப்பற்றி ஏற்கெனவே எத்தனை பக்கங்கள் உண்டு என்று மூன்றையும் கணக்குப் பார்த்து ஒரு நிரல் தலைப்புகளை உருவாக்கும். அத்தலைப்புகளைத் தனிநபர் எழுத்தாளர்கள் எடுத்து எழுதுவார்கள். ஒரு கட்டுரைக்கு 15 டொலர் அளவில் கிடைக்கும் என்றும், நாளொன்றுக்கு 4,000 கட்டுரைகளும் காணொளிகளும் அங்கே உற்பத்தியாகின்றன என்றும் 2009இல் வயர்ட் சஞ்சிகை எழுதியது. 2011 ஜனவரியில் கம்பனி பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த மாதமே கூகிள், 'பண்டா' என்று பின்னர் அறியப்பட்ட மாற்றத்தை அறிமுகப்படுத்தியது. அமெரிக்காவில் 11.8 வீதமான தேடல்களின் முடிவுகள் அதனால் குறிப்பிடத்தக்க அளவு மாறின. மலிவான கட்டுரைத் தொழிற்சாலைகள் சரிந்தன. டிமாண்ட் மீடியா 2017இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது.

இதை நல்லவர் வென்று கெட்டவர் தோற்ற கதையாகச் சொல்வது வழக்கம். அந்த 15 டொலர் கட்டுரைகளை எழுதியவர்களை அந்தக் கதை மறந்துவிடுகிறது. எழுதத் தெரிந்தும், வேறு வழியில் எழுதிப் பிழைக்க முடியாதவர்கள் அவர்களில் இருந்தார்கள். மணித்தியாலத்துக்கு ஒரு கட்டுரை முடித்தால்தான் கட்டுபடியாகும் என்ற கணக்கில் எழுதும் ஒருவரிடம் வாசகரை நினைத்துப் பார்க்க அவகாசம் ஏது? உணவகத்தின் பின்கதவால் போய்ப் பாத்திரம் கழுவிய எம்மவருக்கு இந்தக் கணக்கு புரியும். இயந்திரத்துக்காக எழுதப்பட்ட உரைநடை இப்படி இருந்ததற்கு எழுத்தாளரின் குணம் காரணமல்ல, கூலிதான் காரணம்.

அந்த உரைநடையை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். ஒரு காய்ச்சல் மருந்தை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருதடவை குடிக்கலாம் என்று தேடுவோம். காய்ச்சல் என்றால் என்ன, காய்ச்சல் ஏன் வருகிறது, காய்ச்சல் வந்தால் பலரும் கேட்கும் கேள்விகள் எவை என்று ஐந்து பந்திகள் கடந்தபின் விடை வரும். அல்லது வராது. அங்கே எழுதியவர் மருந்துப் போத்தலோடு நிற்கும் தாயை நினைக்கவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட தாளில் சொற்கள் இருந்தன, தாய் இருக்கவில்லை.

*

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே வருடங்களில் தமிழின் நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. எங்கள் வரலாறு இதிலிருந்து விலகும் இடம் அது.

1990களில் புலம்பெயர்ந்த சஞ்சிகைகள் பலவும் கணனியில் கோர்க்கப்பட்டன. பாமினி போன்ற எழுத்துருக்களே கைக்கொடுத்தன. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள் இவை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தவர் உண்மையில் அடித்தது ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஒரு அரைப்புள்ளி. திரையில் தமிழ் தெரியும். கணனியின் நினைவில் இருப்பதோ அர்த்தமற்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அதே எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால் மனிதருக்கும் அக்குறிகள்தான் தெரியும். கொம்பும் அரவும் எழுத்தின் முன்னும் பின்னும் தனித்தனித் துண்டுகளாகக் கிடக்கும்.

இதற்குத் தீர்வுகள் தேடப்பட்டன. சுவிற்சர்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், வட அமெரிக்கா என்று பல நாடுகளில் இருந்த தமிழர்கள் கூடி தஸ்கி என்ற பொதுக் குறிமுறையை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெற் 99 மாநாட்டின் வழியாகத் தாப், தாம் என்ற குறிமுறைகள் வந்தன. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தபோதிலும், சாதாரண வாசகரின் கணனி அதைக் காட்டத் தொடங்கியது 2000ஆம் ஆண்டு விண்டோஸ் பதிப்புக்குப் பின்னர்தான்.

இடைப்பட்ட அந்தப் பத்து வருடங்களில் இணையத்தில் ஏறிய தமிழ் எழுத்தில் பெரும்பகுதி எந்தத் தேடுபொறியும் தமிழாக அறியாத எழுத்து. எவரும் அதைத் தேடி வரமுடியாது. ஒரு நண்பர் சொல்லி, எழுத்துருவை இறக்கி, நிறுவிக்கொண்டு வந்தவர்தான் வாசகர். வேண்டுமென்றே எவரும் இந்த நிலையைத் தெரிவுசெய்யவில்லை. ஆனாலும் எண்ணுபவர் இல்லாத இடத்தில், வாசிப்பவருக்காக மட்டுமே எழுதப்பட்ட எழுத்தாக அது அமைந்துவிட்டது.

இதைப் பொற்காலம் என்று கொண்டாட நான் தயாரில்லை. அதற்குக் கொடுத்த விலை பெரிது. 2009 ஒக்ரோபரில் யாகூ தனது ஜியோசிற்றீஸ் சேவையை மூடியபோது, இலவச இடத்தில் தமது பக்கங்களை வைத்திருந்த எல்லா மொழியினரதும் எழுத்து அழிந்தது. ஆங்கிலப் பக்கங்களைத் தன்னார்வலர்கள் தேடி ஓரளவு காப்பாற்றினார்கள். தமிழ் என்றே அறியப்படாத தமிழை எப்படித் தேடிக் காப்பாற்றுவது? யாருக்கும் தெரியாமல் இருப்பது தூய்மை என்று சொல்பவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

மறுபுறத்தில், 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து வெளியீடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்த்தது. படமெடுத்த பக்கத்தில் உள்ள சொற்களை இயந்திரம் இலகுவில் வாசிக்காது. ஆயினும் இன்று ஒருவர் 1991இல் வந்த ஒரு சஞ்சிகையின் பெயரைத் தேடினால் அது கிடைக்கிறது. ஏனென்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதன் பெயரை, ஆண்டை, ஆசிரியரை, உள்ளடக்கத்தைப் பிழையில்லாமல் அடித்துவைத்திருக்கிறார். அது நூலகர் செய்யவேண்டிய வேலை. கட்டுரையாசிரியரின் வாக்கியம் 1991இல் இருந்தபடியே இருக்கிறது.

*

தமிழில் இயந்திரத்துக்காக எழுதும் வழக்கம் பிந்தித்தான் பரவியது. அதற்கும் காரணம் கூலிதான். கூகிளின் விளம்பரப் பங்கீட்டுத் திட்டம் தமிழ் மொழியை ஏற்றுக்கொண்டது 2018இல். அதற்கு முன் தமிழில் குப்பையை எழுதிக் காசு பார்ப்பது கடினமாக இருந்தது.

இவ்விடத்தில் தமிழின் இலக்கணமே ஒரு விதத்தில் எதிர்த்து நிற்கிறது. மரம் என்ற சொல் எங்கள் வாக்கியத்தில் மரமாக வருவது அரிது. மரத்தில், மரத்தை, மரத்துக்கு, மரங்களோடு என்றுதான் வரும். நேரே எண்ணுகிற இயந்திரத்துக்கு இவை நாலும் நாலு வேறு சொற்கள். நல்ல தமிழ் வாக்கியம் தன் பெயர்ச்சொல்லை வேற்றுமைக்குள் ஒளித்துவைக்கிறது. ஆகவே எண்ணிக்கைக்காக எழுதுபவர் செய்யும் முதல் வேலை உருபை உரிப்பது. கொழும்பிலுள்ள நல்ல சாப்பாட்டுக்கடைகள் என்பது கொழும்பு சிறந்த உணவகம் என்று ஆகிறது. பிறகு அந்தத் தொடரே தலைப்பிலும் முதல் வரியிலும் கடைசி வரியிலும் வந்து நிற்கிறது. இந்த உருபில்லாத் தமிழ் இப்போது பத்திரிகைத் தலைப்புகளிலும் ஏறிவிட்டதை வாசகர்கள் அவதானித்திருப்பார்கள்.

பெரிய கம்பனிகளின் இயந்திரங்கள் இப்போது சொல்லின் வடிவம் மாறினாலும் ஓரளவு பிடித்துக்கொள்கின்றன. ஆனால் உரித்து எழுதும் பழக்கம் இயந்திரம் மாறியபின்னும் மாறவில்லை.

எம்மைப் பொறுத்தவரை இன்னொரு விடயமும் உண்டு. நாங்கள் ரொறொன்ரோ என்று எழுதுவோம், தமிழ்நாட்டில் டொராண்டோ என்று எழுதுவார்கள். எங்களுக்கு டொலர், அவர்களுக்கு டாலர். எங்களுக்குக் கணனி, அவர்களுக்குக் கணினி. இரண்டும் தமிழ்தான். ஆனால் பல கோடிப் பேர் தேடும் எழுத்துக்கூட்டலின் பக்கம்தான் எண்ணிக்கை இருக்கும். கூடுதலான பேர் கண்டடைய வேண்டும் என்ற ஒரே நோக்கோடு எழுதும் ஈழத்தவர் ஒருவர், எவரும் வற்புறுத்தாமலே, தன் காதுக்குப் பழகிய ஒலியைக் கைவிடுவார். முதலில் எழுத்துக்கூட்டல் போகும். அதன்பின் அவதானித்தல், கதைத்தல், பறைதல் எல்லாம் ஒவ்வொன்றாகப் போகும். சட்டத்தால் ஒரு மொழியை ஒடுக்குவதை 1956இலிருந்து நாம் அறிவோம். அதற்கு எதிராக நிற்க முடிந்தது, ஏனென்றால் எதிரே ஒரு சட்டம் இருந்தது. இங்கே எதிரே யாரும் இல்லை. எங்கள் ஆசை மட்டும்தான் இருக்கிறது.

*

2022 ஓகஸ்ற்றில் கூகிள், மனிதருக்காக எழுதப்பட்டவற்றை முன்னுக்குக் கொண்டுவருவதற்கென்றே ஒரு மாற்றத்தை அறிவித்தது. மூன்று மாதங்கள் கழித்து, நவம்பரில், சற்ஜிபிரி வெளிவந்தது. 15 டொலரும் மிச்சமாயிற்று. 2024 மார்ச்சில், தேடல் முடிவுகளைப் பிடிப்பதற்காகவே பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களுக்கு எதிராகக் கூகிள் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு மே மாதம், அமெரிக்காவில், தேடியவருக்கு எந்தப் பக்கத்துக்கும் போகத் தேவையில்லாமல் விடையைத் தானே எழுதி மேலே காட்டத் தொடங்கியது. எழுதுவதும் இயந்திரம், எண்ணுவதும் இயந்திரம், சாரத்தை எடுத்துத் தருவதும் இயந்திரம். 1958இல் லூன் கனவு கண்டது ஒருவிதத்தில் நிறைவேறிவிட்டது. ஆனால் லூனின் இயந்திரம் சாரம் எடுத்தது ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் சொன்னதிலிருந்து.

மனிதருக்காக எழுதுங்கள் என்று தேடுபொறிக் கம்பனி இன்று கேட்பதை அறவுரையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அது வியாபாரத் தேவை. 1975இல் சாள்ஸ் குட்ஹார்ட் என்ற பிரித்தானியப் பொருளியலாளர் பணக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது, ஒரு புள்ளிவிபரத்தைக் கட்டுப்பாட்டுக்காகப் பயன்படுத்தத் தொடங்கியதும் அது முன்னர் காட்டிய ஒழுங்கு குலைந்துவிடும் என்ற கருத்தை முன்வைத்தார். சொல், இணைப்பு என்று எண்ணிய ஒவ்வொன்றும் அப்படித்தான் குலைந்தது. எண்ணுவதற்கு எண்ணப்படாத ஏதோ ஒன்று எப்போதும் வெளியே இருக்கவேண்டும். அதனால்தான் இயந்திரத்துக்கே மனிதருக்காக எழுதியது தேவைப்படுகிறது. மனிதருக்காக எழுதியதுபோல் தோற்றமளிக்க என்ன செய்யவேண்டும் என்று கற்றுத்தருபவர்களும் வந்துவிட்டார்கள். இந்தச் சுற்று முடியப்போவதில்லை.

ஆகவே கம்பனி கேட்கிறது என்பதற்காக மனிதருக்கு எழுதினால் அதுவும் கம்பனிக்கு எழுதியதே. எங்களிடம் வேறு காரணங்கள் இருக்கவேண்டும். யுத்தகாலத்தில் தம் ஊரில் என்ன நடந்தது என்று எழுதிய ஒருவர், அச்சொற்களை யாரும் தேடுவார்களா என்று பார்த்து எழுதவில்லை. ஒரு கிராமத்தின் பெயரை உலகத்தில் இருபது பேர் மட்டுமே தேடக்கூடும். அந்த இருபது பேருக்கு அது வேறெங்கும் கிடைக்காது. தேடல் எண்ணிக்கையைப் பார்த்துத் தலைப்பைத் தெரிவுசெய்யும் எந்த முறையும் அந்தக் கிராமத்தை எழுதச் சொல்லாது.

நடைமுறையில் செய்யக்கூடியது, இரண்டு வேலைகளையும் பிரித்து வைப்பது. சஞ்சிகையின் பெயர், இதழ் எண், ஆண்டு, ஆசிரியர் பெயர், ஊர்ப் பெயர்கள், அவற்றின் வேறு எழுத்துக்கூட்டல்கள் ஆகிய அனைத்தையும் ஒருங்குறியில், பிழையின்றி, நேர்மையாக அட்டவணையில் பதியவேண்டும். பாமினியில் கிடக்கும் பழைய கோப்புகளை, வட்டுகள் பழுதாகுமுன், மாற்றியெடுக்க வேண்டும். இது இயந்திரத்துக்கான வேலைதான், செய்யவேண்டிய வேலையும்கூட. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் செய்ததன் தொடர்ச்சி அது. ஆனால் அந்த வேலை கட்டுரையின் வாசலில் நிற்கவேண்டும். வாக்கியத்துக்குள் வந்து எந்தச் சொல்லை எத்தனை தடவை எழுது என்று சொல்ல அதற்கு உரிமை கிடையாது.

பாரிசிலும் பேர்லினிலும் ரொறொன்ரோவிலும் சில நூறு பிரதிகள் அச்சிட்டு, தபாற்செலவுக்குக் காசு சேர்த்து, உறைகளில் கையால் விலாசம் எழுதி அனுப்பியவர்களுக்குத் தம் வாசகர் யார் என்று தெரிந்திருந்தது. ஒவ்வொரு விலாசத்துக்கும் ஒரு முகம் இருந்தது. அவர்களில் பலர் அடுத்த இதழில் திட்டிக் கடிதம் எழுதினார்கள். அந்தத் திட்டு, தாம் வாசிக்கப்பட்டோம் என்பதற்கான சான்று. எத்தனை பேர் வந்துபோனார்கள் என்று இலக்கத்தில் சொல்லும் எந்தக் கருவியும் இன்றுவரை அப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை.